வெப்பமானிக்கு ஒரு சட்டை

அந்த மேடம் முதல் தடவை எங்கள் சந்துக்குள் வந்தபோது, கையில் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் குறிபார்த்தார். சுடவில்லை. பொத்தானை அமுக்கினார், எண்ணைப் பார்த்தார், நோட்டில் எழுதினார், அடுத்த சுவருக்குப் போனார். தலையில் முறம் அகலத்துக்கு ஒரு தொப்பி. மாநகராட்சியில் வெயிலுக்கென்றே ஒரு பிரிவு ஆரம்பித்திருக்கிறார்களாம், அதற்கு இவர் அதிகாரியாம். சிக்னலில் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு மேலே பச்சைத் துணி கட்டியதும், நூலகத்தின் கீழ் அறையைத் தெருவில் வேலை செய்கிறவர்கள் மதியம் படுத்து எழுந்து போகத் திறந்துவிட்டதும் அவர்கள் வேலைதான். இதையெல்லாம் நான் அவரிடம் விசாரித்து முடிப்பதற்குள் சந்தில் அவருக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. வீட்டுக்குக் காய்ச்சல் பார்க்கிறவர், ஆகவே காய்ச்சல் மேடம். பெயர் வைத்தது யார் என்று கேட்காதீர்கள். மாடி ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஜன்னலுக்கு நேரெதிரே இரண்டு வீடுகள். நடுவில் ஒரே சுவர், ஒட்டிப் பிறந்தவை. அண்ணன் தம்பிக்குள் பின்னால் சண்டை வரக்கூடாது என்று அவர்களுடைய அப்பா ஒரே கொத்தனாரை வைத்து, ஒரே நாளில் தளம் போட்டு, ஜன்னல் கம்பி வரைக்கும் எண்ணி ஒரே மாதிரி கட்டினார். அண்ணன் தம்பிக்குள் இன்றுவரை சண்டை வரவில்லை. மனிதர் மருமகள்களைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டார்.

மூத்த மருமகள் தையல்காரி. பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று தைக்கிறவள், சந்துக்கே தையலக்கா. அவள் புருஷனுக்கு ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலை. காலை ஏழு மணிக்கு வருவார். கையில் சாக்குத்துணி சுற்றிய ஒரு ஐஸ் கட்டி இருக்கும். அதை ஒரு பேசினில் போட்டு, பேசினை மின்விசிறிக்கு முன்னால் வைத்து, விசிறியைத் தன் தலைப்பக்கம் திருப்பிக்கொண்டு தூங்குவார். கீழ்த்தளங்கள் இரண்டும் காகிதக் கிடங்குக்கு வாடகைக்குப் போய்விட்டதால், குடும்பம் நடப்பது மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள மேல் அறையில்தான். கட்டிலும் அங்கே, தையல் மெஷினும் அங்கே. கோடையில் அந்தத் தளம் மாலை வரைக்கும் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். ஐஸ் பேசின் இல்லையென்றால் பகலில் தூங்குகிறவனுக்குத் தூக்கம் இல்லை.

இளையவளைச் சின்னவள் என்போம். பள்ளி அலுவலகத்தில் அரை நாள் வேலை. புருஷன் வெளியூர்ப் பேருந்து ஓட்டுநர், வாரத்தில் இரண்டு நாள் தென்பட்டால் அதிகம். சின்னவள் வாயாடி இல்லை, பெருமைக்காரி இல்லை, குறை சொல்ல ஒன்றும் அகப்படாது. அதுவே தையலக்காவுக்குப் பெரிய குறை. சின்னவள் வாசலில் ஒரு தொட்டிச் செடி வைத்தால் மறுநாள் பக்கத்தில் இரண்டு தொட்டி வரும். சின்னவள் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட வாரம் தையலக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றதை நானே பார்த்தேன். கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள், கடைசியில் ஒரு தலையணை உறையை வெட்டினாள்.

காய்ச்சல் மேடம் இந்த இரட்டை வீட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இப்படி ஒரு ஜோடி கிடைக்கணும்னு ரெண்டு மாசமா அலையறேன்" என்றார். "ஒரே அளவு, ஒரே தளம், ஒரே பக்கம் வெயில்."

விஷயம் இதுதான். ஒரு வீட்டு மொட்டைமாடிக்கு மட்டும் வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளைப் பெயின்ட் அடிப்பார்கள். மற்றதை அப்படியே விடுவார்கள். இரண்டு மேல் அறைகளிலும் உத்தரத்துக்குக் கீழே, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வெப்பமானிப் பெட்டி. அது அரை மணிக்கு ஒரு தடவை சூட்டைத் தானே குறித்துக்கொள்ளும். கோடை முடிவில் இரண்டு அறைக்கும் நடுவே மூன்று டிகிரிக்குக் குறையாமல் வித்தியாசம் இருந்தால், அடுத்த கோடைக்குள் எங்கள் சந்தில் உள்ள நாற்பது வீட்டுக்கும் மாநகராட்சியே பெயின்ட் அடித்துத் தரும். வித்தியாசம் இல்லையென்றால் பெயின்ட் வேறு பகுதிக்குப் போய்விடும்.

யார் வீட்டுக்குப் பெயின்ட் என்று முடிவு செய்ய மேடம் இரண்டு சீட்டுகள் எழுதித் தன் தொப்பிக்குள் போட்டார். சின்னவள் கையை நீட்டினாள்.

"இரு, மூத்தவ நான் இருக்கேன்ல" என்று தையலக்கா முந்திக்கொண்டாள். தொப்பிக்குள் கையை விட்டுத் துழாவி, ஒன்றைத் தொட்டு, அதை விட்டு, மற்றதை எடுத்தாள். பிரித்தால் 'ஒப்பீடு' என்று எழுதியிருந்தது.

"ஒப்பீடுன்னா என்ன மேடம்?"

"உங்க வீட்டை இப்படியே விட்டுடுவோம்க்கா. எதுவும் பண்ண மாட்டோம்."

"எதுவும் பண்ணாததுக்கு எதுக்குச் சீட்டு?"

"அப்படி இல்லைக்கா. நீங்க இல்லைன்னா அவங்க வீடு எவ்வளவு குளிர்ந்துதுன்னு தெரியாதே. உங்க வீடு சுடச்சுடத்தான் அவங்க வீட்டோட அருமை தெரியும்."

மேடம் நல்ல மனசோடுதான் சொன்னார். எங்கே வாயை மூட வேண்டும் என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை போலிருக்கிறது. தையலக்கா அந்தச் சீட்டை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், பிறகு மடிக்க முடியாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பெயின்ட் அடித்த பிறகு சின்னவள் மாடியைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. அவ்வளவு வெள்ளை. என் ஜன்னலுக்கே கண் கூசி, நான் பாதித் திரை போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. பாதிதான். மீதிப் பாதி எனக்குத் தேவைப்பட்டது.

அதுவரை மதிய வேளைகளில் நாங்கள் நாலைந்து பெண்கள் கூடுவது தையலக்கா அறையில். ஐஸ்காரரின் கட்டிலைச் சுற்றி ஒரு திரை இழுத்துவிட்டு, இந்தப் பக்கம் உட்கார்ந்து பொத்தான் வைப்போம், நூல் பிரிப்போம், குரலைத் தாழ்த்திக்கொண்டு சந்தில் உள்ளவர்களை உரிப்போம். தையலக்கா மெஷின் மிதித்துக்கொண்டே நடுநடுவே ஒரு வார்த்தை போடுவாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பாதிப் பேர் வருவது. பெயின்ட் அடித்த மூன்றாம் நாள், ஏதோ சாமான் கேட்கச் சின்னவள் அறைக்குப் போன ஒருத்தி திரும்பி வரவில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்கப் போன இன்னொருத்தியும் வரவில்லை. ஒரு வாரத்தில் சபை மொத்தமும் இடம் மாறிவிட்டது. நானும்தான் போனேன். வியர்வைக்கு விசுவாசம் தெரியாது. அந்த அறைக்குள் காலை வைத்தால் யாரோ முதுகில் ஈரக்கையை வைத்த மாதிரி இருந்தது.

நாங்கள் இங்கே சிரித்தால், சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் வேகமாக ஓடும். இன்னும் சத்தமாகச் சிரித்தால் இன்னும் வேகம்.

"அக்காவையும் கூப்பிடலாம்" என்பாள் சின்னவள்.

"கூப்பிட்டேன். வேலை இருக்காம்" என்பாள் ஒருத்தி.

கூப்பிட்டது யார், எப்போது என்று யாரும் கேட்கவில்லை.

பெயின்ட் அடித்த பதினோராம் நாள் காலை என் ஜன்னல் பாதியிலிருந்து ஒன்றைப் பார்த்தேன். ஐஸ்காரர் வந்து, குளித்து, கட்டிலில் சாய்ந்துவிட்டார். தையலக்கா கட்டில் திரையை இழுத்துவிட்டு, பேசினில் இருந்த ஐஸை ஒரு துணிக்குள் வைத்துச் சுத்தியலால் தட்டினாள். பிறகு ஸ்டூலில் ஏறி, உத்தரத்துக்குக் கீழே இருந்த வெப்பமானிப் பெட்டிக்கு எதையோ மாட்டினாள். எனக்கு முதலில் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். சட்டை. மழைக்கோட்டுத் துணியில், உள்ளே பஞ்சு வைத்து, மூன்று பக்கமும் பை வைத்துத் தைத்த ஒரு குட்டிச் சட்டை. பைகளில் ஐஸ் தூள். முன்பக்கம் எண் தெரிய ஒரு சதுரத் திறப்பு, அதைச் சுற்றிக் கரை மடித்து அடித்திருந்தாள். கீழே இரண்டு பொத்தான். பொத்தான் எதற்கு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தையல்காரிக்குப் பொத்தான் இல்லாமல் சட்டையை முடிக்க மனசு வராது போலிருக்கிறது.

முதல் நாள் கை அளவு தெரியவில்லை. சிறிது நேரத்தில் எண் பத்தொன்பதுக்கு இறங்கிவிட்டது. பதறிப்போய்ச் சட்டையைக் கழற்றி, பெட்டியை உள்ளங்கையில் பொத்திப் பொத்திச் சூடு ஏற்றினாள். ஆனால் அளவெடுத்துத் தைப்பதுதானே அவள் தொழில். பையைச் சின்னதாக்கினாள், பஞ்சைக் கூட்டினாள், ஐஸைக் குறைத்தாள். நாலே நாளில் பெட்டிக்குச் சட்டை கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

அதன் பிறகு தினம் மதியம் ஒரு மணிக்குச் சுவரில் இரண்டு தட்டு.

"சின்னவளே, உன் வீட்டுல எவ்வளவு காட்டுது?"

"முப்பத்தஞ்சுக்கா. உங்க வீட்டுல?"

ஸ்டூல் நகரும். பிறகு பதில் வரும்.

"முப்பத்தி நாலு. எனக்கு ஒண்ணும் அவ்வளவு வெயில் தெரியலம்மா."

சின்னவள் முகம் விழுந்துவிடும். செவ்வாய்க்கிழமை மட்டும் சுவரில் தட்டு இருக்காது. திங்கள் இரவு ஐஸ்காரருக்கு வார விடுப்பு; செவ்வாய் காலை வீட்டுக்கு ஐஸ் வராது.

சின்னவள் தன் வெள்ளை மாடியின் மேல் சந்தேகப்பட ஆரம்பித்தாள். தூசி படிந்தால் பெயின்டுக்குச் சக்தி போய்விடும் என்று மேடம் ஒரு தடவை சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு துடைப்பமும் வாளியுமாக மூன்று வேளையும் மாடி ஏறிக் கழுவினாள். வேலைக்குப் போகும்முன் ஒரு கழுவல், வந்ததும் ஒரு கழுவல், பொழுது சாய்ந்ததும் ஒன்று. பக்கத்து மொட்டைமாடியில் துணி காயப்போட வரும் தையலக்கா, "எதுக்கும்மா இப்படிச் சிரமப்படுறே, பெயின்ட்டுதானே" என்பாள். அந்த நிமிஷம் அவள் முகத்தில் இருந்த குளிர்ச்சிக்கு எந்தப் பெட்டியிலும் எண் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், எண் முப்பத்தி நாலு என்று அறிந்த பிறகும் சபை தையலக்கா அறைக்குத் திரும்பவில்லை. ஒருநாள் இரண்டு பேர் போய்ப் பார்த்தார்கள். அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. பெட்டியைப் பார்த்தார்கள், நெற்றியைத் துடைத்தார்கள், மறுபடி பெட்டியைப் பார்த்தார்கள். "எனக்குத்தான் உடம்பு சரியில்லை போல" என்று ஒருத்தி இறங்கி வந்துவிட்டாள்.

நான் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் வேடிக்கை முடிந்துவிடும், அது ஒன்று. என் வீட்டு மாடிக்கும் யாரும் பெயின்ட் அடிக்கவில்லை, அது இன்னொன்று. சின்னவள் வாளியோடு மாடி ஏறும்போதெல்லாம் எனக்கும் அடிவயிற்றில் சின்னதாக ஒரு திருப்தி. ஒருநாள் தெருவில் தையலக்காவிடம், "பெட்டி பொய் சொல்லுமாக்கா?" என்று மட்டும் கேட்டு வைத்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். மறுநாள் அவள் ஜன்னலிலும் பாதித் திரை வந்துவிட்டது. நல்லவேளை, துணி மெல்லிசு.

இதில் நஷ்டப்பட்டவர் ஐஸ்காரர். பேசின் காலி. திரைக்குப் பின்னால் இருந்து குரல் வரும்.

"ஐஸ் எங்க?"

"கரைஞ்சு போச்சு."

"நேத்தும் கரைஞ்சுது."

"வெயில் அப்படி."

"இவ்வளவு பெரிய கட்டி அரை மணியில எப்படிக் கரையும்?"

"நீங்க பண்ற ஐஸ் அப்படி. அதைப் போய் என்னைக் கேட்டா?"

அவர் கோபக்காரர் இல்லை. இருபது வருஷமாக ஐஸோடு புழங்கியதாலோ என்னவோ எதற்கும் சூடாக மாட்டார். மறுநாள் இன்னும் பெரிய கட்டியாகக் கொண்டுவந்தார். அதுவும் கரைந்தது. அவர் ஈரத்துண்டை மார்பில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். கண் மூடியிருந்தாலும் கால் விரல்கள் ஆடிக்கொண்டே இருக்கும். தூங்குகிறவன் விரல் அப்படி ஆடாது. தையலக்காவும் அதைப் பார்த்தாள். பின்னால் அவளே சொன்னது இது: ஒருநாள் மதியம் ஐஸ் தூளைப் பாதியாகப் பிரித்தாள். ஒரு பாதியைப் பேசினில் போட்டாள். அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் நாங்கள் எதற்கோ சிரித்தோம். எதற்கு என்று நினைவில்லை, பெரிய விஷயமாக இருந்திருக்காது. அவள் பேசினில் போட்டதைத் திரும்ப அள்ளிச் சட்டைப் பையில் திணித்தாள்.

கோடையின் கடைசிக்கு முந்தின வாரம் ஐஸ்காரர் வேலையிடத்தில் நின்றபடியே கண் அசந்துவிட்டார். இடுக்கியில் பிடித்திருந்த ஐஸ் பாளம் நழுவிக் காலில் விழுந்தது. இரண்டு விரல் எலும்பு முறிவு. கட்டுப் போட்டு, மூன்று வாரம் படுக்கை என்று சொல்லி, ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு பேர் தோள் கொடுத்து மாடி ஏற்றினார்கள். பின்னாலேயே தையலக்கா அவருடைய ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள். அன்றைக்குச் சுவரில் தட்டு இல்லை. மறுநாளும் இல்லை.

"கொஞ்சம் தூங்கியிருந்தா விழுந்திருக்காது" என்று அவர் சொன்னாராம். குற்றமாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாராம். அன்று மதியம் முழுக்க அவள் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், மிதிக்கவே இல்லை.

இனி ஐஸ் வராது. வந்தாலும், திரையை விலக்கிவிட்டுப் பகல் முழுக்க மல்லாந்து படுத்து உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் புருஷனுக்கு எதிரே ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டிக்குச் சட்டை மாட்ட முடியாது. சட்டை மெஷின் இழுப்பறைக்குள் போனது.

"நாப்பது காட்டுதே" என்றார் ஐஸ்காரர், பெட்டியைப் பார்த்தபடி. "முப்பத்தி நாலுன்னு சுவத்துல தட்டித் தட்டிச் சொல்லுவியே."

"இந்த வாரம் வெயில் ஜாஸ்தி."

அடுத்த வாரக் கடைசியில் காய்ச்சல் மேடம் மடிக்கணினியோடு வந்தார். முதலில் சின்னவள் வீட்டுப் பெட்டி, பிறகு தையலக்கா வீட்டுப் பெட்டி. முடிவைக் கேட்க நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். பல வாரங்களுக்குப் பிறகு தையலக்கா அறையில் சபை கூடியது அன்றைக்குத்தான். இரண்டே நிமிஷத்தில் எல்லோர் முதுகும் நனைந்துவிட்டது. ஐஸ்காரர் கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் நெடுநேரம் கணினித் திரையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்குங்க" என்றார். "சராசரி ஒரு டிகிரி வித்தியாசம்கூட வரலை. ஆரம்பத்துல நல்லா இருந்துச்சு, நாலு டிகிரி. அப்புறம் என்னவோ பெயின்ட் அடிக்காத வீடே தானா குளிர்ந்திருக்கு. கிடங்குல ஏதாவது மாத்தினாங்களா?"

"அதே காகிதம்தான் மேடம்" என்றேன்.

"அப்போ எனக்குக் காரணம் புரியலை. காரணம் தெரியாம பெயின்ட் வேலை செய்யுதுன்னு நான் எழுத முடியாது. இந்தச் சந்துக்குப் பெயின்ட் வராது."

சின்னவள் கையில் இன்னும் துடைப்ப ஈரம் இருந்தது. அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றாள். "நான் இன்னும் நல்லாக் கழுவியிருக்கணும்" என்றாள். அதைக் கேட்டதும் தையலக்கா தலையைத் திருப்பிக்கொண்டாள். ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவள் முகம் மாதிரி இல்லை. சின்னவள் மாடி தவிர மற்ற மாடியெல்லாம் அப்படியே கொதிக்கப் போகிறது, அதில் ஒரு மாடிக்குக் கீழேதான் கட்டில் கிடக்கிறது.

"மேடம், திரையில ஏறி இறங்கற அந்தக் கோட்டைக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்க" என்றார் ஐஸ்காரர்.

மேடம் கணினியைக் கட்டில் பக்கம் திருப்பினார்.

"இடையிடையே மலை மாதிரி ஏறுதே, அது என்ன?"

"அதுவும் புரியலைங்க. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் நாப்பதைத் தொடுது. எல்லாமே செவ்வாய்க்கிழமை. ஒருநாள் பத்தொன்பதுகூடக் காட்டியிருக்கு. அதைக் கோளாறுன்னு விட்டுட்டேன்."

"செவ்வாய் எனக்கு லீவு" என்றார் அவர்.

"உங்க லீவுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

அவர் யாரையும் பார்க்கவில்லை. தன் கட்டுப் போட்ட காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தையலக்கா எழுந்தாள். மெஷின் இழுப்பறையைத் திறந்து சட்டையை எடுத்து, மடிக்கணினியின் மேல் வைத்தாள்.

"இதைப் போட்டிருந்தேன்" என்றாள். "உள்ளே ஐஸ் வச்சு."

மேடம் அதை எடுத்துப் பார்த்தார். திருப்பினார். உள்ளே வெளியே ஆக்கினார். சதுரத் திறப்பின் கரையை விரலால் தடவினார். "தையல் ரொம்ப நல்லா இருக்கு" என்றார், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

"அப்போ நான் மூணு வேளையும் மாடியைக் கழுவினது?" என்றாள் சின்னவள்.

"மாடி சுத்தமா இருந்துச்சுல்ல."

"என்மேல என்னக்கா கோபம்? சீட்டை நீங்கதானே எடுத்தீங்க."

"அதான்" என்றாள் தையலக்கா. "நான்தான் எடுத்தேன். ஒண்ணைத் தொட்டுட்டு விட்டேன் பாரு, அது உனக்கு வந்துச்சு. அதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். தினம் மதியானம் எல்லாரும் அங்கே உக்காந்து சிரிச்சீங்க. இந்தச் சுவர் வழியா சிரிப்பு மட்டும் வந்துச்சு. காத்து வரலை."

நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அவரவர் கால் விரலைப் பார்த்தோம். சிரித்தவர்களில் சத்தமாகச் சிரித்தவள் யார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் நான் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தேன்.

ஐஸ்காரர் மட்டும் பேசினார். "மொத்த ஐஸும் இதுக்கா?"

"மொத்தமும் இல்லை" என்றாள். பிறகு, "மொத்தமும்தான்" என்றாள். "காலு போனதே என்னாலதான்."

"காலு போகலை. ரெண்டு விரல்" என்றார் அவர். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று மாலை வரைக்கும் அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

மேடம் இதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். சட்டை வருவதற்கு முந்தின பத்து நாள், நடுவில் வந்த செவ்வாய்க்கிழமைகள், கால் உடைந்த பிறகு வந்த ஒன்பது நாள். அவ்வளவும் கலப்படம் இல்லாத எண்கள். வித்தியாசம் நாலு டிகிரிக்கு மேலேயே வந்தது.

"இது போதும்" என்றார். "ஆனா மத்த நாளை ஏன் எடுக்கலைன்னு எழுத்துல வேணும். நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டா எல்லா வீட்டுக்கும் பெயின்ட் வரும். போடலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மேலே பத்துப் பேராவது படிப்பாங்க, அதையும் சொல்லிடறேன்."

பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். மாநகராட்சியில் எதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. தையலக்கா அதை மெஷின் பலகைமேல் வைத்து, ஊசிக்குப் பக்கத்தில் விரலை ஊன்றிக்கொண்டு எழுதினாள். பெயர், முகவரி, என்ன செய்தாள், எத்தனை நாள். எழுதும்போது உதடு அசைந்தது. கடைசியில் 'காரணம்' என்று ஒரு சின்னக் கட்டம். அங்கே பேனா நின்றது. நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். அவள் 'வெயில்' என்று எழுதினாள்.

சாட்சிக் கையெழுத்துக்குச் சின்னவளிடம் தாள் போயிற்று. அவள் முதலிலிருந்து ஒரு வரி விடாமல் படித்தாள். அந்தக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"பொறாமைன்னு எழுதுங்கக்கா."

"அவ்வளவு இடம் இல்லை அந்தக் கட்டத்துல."

சின்னவள் கொஞ்ச நேரம் தாளைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கிழித்துவிடுவாளோ என்றுகூடப் பயந்தேன். பிறகு சுவரில் தாளை வைத்து, அந்த ஒரே சுவரில் வைத்து, கையெழுத்துப் போட்டாள்.

இதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மேடம் தாளை மடித்துக்கொண்டே, "அடுத்த வருஷத்துக்கும் பெயின்ட் அடிக்காத வீடு ஒண்ணு வேணும். இதே அளவா, இதே வெயில் படற மாதிரி எங்கே போய்த் தேடறது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சந்து விவரம் எனக்குத் தெரிகிற மாதிரி யாருக்குத் தெரியும்? "எதிர் வீடு அதே கொத்தனார் கட்டினதுதான் மேடம். அதே வாரம் தளம் போட்டது. இஞ்ச்கூட வித்தியாசம் இருக்காது" என்றேன். சொல்லி முடிக்கும்போதுதான் எதிர் வீடு என்னுடையது என்பது உறைத்தது. மேடம் நோட்டை எடுத்துவிட்டார். தையலக்கா என்னைப் பார்த்தாள். கோடை முழுக்க நான் அவளைப் பார்த்தேனே, அதே பார்வை.

குளிர்காலம் முடிவதற்குள் முப்பத்தொன்பது மாடிகள் வெள்ளையாகிவிட்டன. நூலகத்து மாடியிலிருந்து பார்த்தால் சந்து முழுக்கத் தட்டு கழுவிக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது, நடுவில் ஒன்று மட்டும் கழுவாதது. தையலக்கா மாடிக்கு இந்த வருஷத்துப் புதுப் பெயின்ட். போன வருஷத்தைவிட வெள்ளை. சின்னவள் தினம் ஒரு தடவை மேலே வந்து, பக்கத்து மாடியையும் தன் மாடியையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறாள். "எங்க வீட்டுக்கு இன்னொரு கோட் அடிக்க மாட்டாங்களா?" என்று மேடத்துக்குப் போன் செய்து கேட்டாளாம்.

ஐஸ்காரர் மத்தியானம் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். பேசினுக்கு வேலை இல்லை. மதிய சபை ஒருநாள் இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம். நானும் போகலாம், கூப்பிடுகிறார்கள். ஆனால் போய் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருத்தி, "பாவம், உங்க வீடு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிடுகிறாள். அந்தப் 'பாவம்' எனக்கு ஆவதில்லை. அதனால் ஜன்னலிலேயே இருக்கிறேன். என் உத்தரத்துக்குக் கீழே பெட்டி நாற்பத்தொன்று காட்டுகிறது. எதிரே இரண்டு ஜன்னல் வழியாகவும் சிரிப்பு வருகிறது.

போன வாரம் தையலக்கா படியேறி வந்தாள். கையில் ஒரு சின்னப் பொட்டலம்.

"என்னக்கா இது?"

"ஒண்ணும் இல்லை. துணி மிச்சம் இருந்துச்சு, தைச்சேன்." போகும்போது உத்தரத்துப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். "அளவு எனக்கு மனப்பாடம்தான்."

பிரித்துப் பார்த்தேன். இந்தத் தடவை மூன்று பொத்தான்.

நான் அப்படிப்பட்டவள் இல்லை. பொட்டலத்தை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன். காலை ஏழு மணிக்கு ஐஸ்காரர் சந்துக்குள் நுழையும்போது மட்டும், "அண்ணே, குடிக்கற தண்ணிக்கு ஒரு சின்னக் கட்டி கிடைக்குமா?" என்று ஜன்னலிலிருந்து கேட்டு வைத்திருக்கிறேன். கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நாளைக்குத்தான். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.